ஏழாம் பெட்டுக்கு வந்த ரிசல்ட்

சுகுமார்: ...மோடத்த ஆஃப் பண்ணி, பத்து எண்ணி, ஆன் பண்ணிட்டேன்க்கா. அப்பவும் வரல.

ஏஞ்சல்: பத்து எண்ணினியா, மூணோட நிறுத்திட்டியா?

சுகுமார்: பத்துதான்க்கா. ஆதிலட்சுமி சிஸ்டரையே கேளுங்க.

ஆதிலட்சுமி: எண்ணுச்சு ஏஞ்சலு. வாய் விட்டு எண்ணுச்சு. டயாலிசிஸ் ரூம்ல கீற அத்தினி பேரும் திரும்பிப் பார்த்தாங்க.

ஏஞ்சல்: சிஸ்டர்! ஸ்பீக்கர்லயா போட்டு வச்சிக்கிறான்? சொல்லுங்க, உத்திரமேரூர்ல இன்னா நெலவரம்?

ஆதிலட்சுமி: காலையில எடுத்த ரத்தமெல்லாம் ஏழு மணிக்கே காஞ்சிபுரம் லேப்புக்கு போயிடுச்சு. மணி இப்போ பத்தரை. ஸ்கிரீன்ல ஒரு ரிசல்ட்டு கூட வரல. செங்கேணி பெரியவரு வந்துட்டாரு. பொட்டாசியம் எவ்ளோன்னு தெரியாம நான் எப்படி அவர மிஷின்ல...

ஏஞ்சல்: புரியுது, புரியுது. பதறாதீங்க. லேப்புக்கு போன் போட்டீங்களா?

சுகுமார்: போட்டேன். லைனு... பிசியாவே கீது.

ஏஞ்சல்: சரி, நான் இன்னொரு போன்ல லேப்புல கீற ஆல்பர்ட்ட புடிக்கறேன். நீ அதுக்குள்ள கறுப்பு ஸ்கிரீன தொறந்து லேப் சர்வருக்கு ஒரு பிங் போடு. நம்பரு ஞாபகம் கீதா?

சுகுமார்: பத்து, நாப்பது, ஒண்ணு, பதினேழு.

ஏஞ்சல்: அடேங்கப்பா. சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆவுது. ஏ.டி.எம். நம்பரு கூட இப்டி யாரும் மனப்பாடம் பண்ண மாட்டாங்க. போடு.

ஆதிலட்சுமி: பிங்குன்னா இன்னாம்மா?

ஏஞ்சல்: கதவ தட்டி "இருக்கியா?"ன்னு கேக்கறது சிஸ்டர். நம்ம சென்டரோட நெட்வொர்க்கு ஒரு காம்பவுண்டுன்னு வச்சிக்கோங்க. லேப்போடது இன்னொரு காம்பவுண்டு. ரெண்டும் கிளவுட்லதான் கீது, ஆனா வெளியாளு யாரும் நுழைய முடியாது. சுத்தி செவுரு. ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு தனி கேட்டு. அந்த கேட்டு வழியாத்தான் ரிசல்ட்டு வரும். இப்போ கேட்டு மூடிக்கினு கீதா, இல்ல அந்தப் பக்கம் ஆளே இல்லையான்னு பாக்கணும்.

சுகுமார்: ஆளு கீதுக்கா.

ஏஞ்சல்: இன்னா?

சுகுமார்: பதில் வருது. தட்டத் தட்ட பதில் வருது. ஒண்ணு கூட தவறல.

ஏஞ்சல்: அப்போ கேட்டு தொறந்துதான் கீது. நல்லதாப் போச்சு. இரு, ஆல்பர்ட்டு எடுத்துட்டாரு... சொல்லுங்க ஆல்பர்ட்... ஆமா, உத்திரமேரூரு... எப்போல இருந்து?... இல்ல, இல்ல, நல்லா பாத்து சொல்லுங்க... ம்... ம்ம்... அப்டியா... சரி. வைக்காதீங்க, லைன்லயே இருங்க.

சுகுமார்: இன்னா சொல்றாரு?

ஏஞ்சல்: காலையில ஒம்பது நாப்பதுக்கு அப்பால உங்க பக்கத்துல இருந்து ஒண்ணுமே வரலன்றாரு. அவர் அனுப்பற ரிசல்ட்டும் உங்க கிட்ட வந்து சேரலயாம். ஒரு தட்டு கூட தட்டலியாம்.

சுகுமார்: நான் இப்போ தட்டிக்கினுதானக்கா கீறேன்?

ஏஞ்சல்: அவரும் இப்போ சர்வரோட லாக் பதிவ பாத்துக்கினுதான் சொல்றாரு.

சுகுமார்: பதில் வருதே...

ஏஞ்சல்: அதான் எனக்கும் புரியல.

ஆதிலட்சுமி: லேப்புல யாரும் தட்டற சத்தமே கேக்கல, ஆனா இங்க பதில் மட்டும் வருது. அப்போ பதில் சொல்றது யாரும்மா?

ஏஞ்சல்: சிஸ்டர், நீங்க வேற பயமுறுத்தாதீங்க. சுகுமாரு, எத்தினி மில்லி செகண்டு காட்டுது?

சுகுமார்: ஒண்ணு. ஒண்ணு. ஒண்ணு. எல்லாமே ஒண்ணுதான்.

ஏஞ்சல்: ஒண்ணா? லேப்பு எப்பவும் ஆறு, ஏழு எடுத்துக்குமே... அவ்ளோ வேலை அதுக்கு.

சுகுமார்: இதுக்கு வேலையே இல்ல போல. தட்டறதுக்குன்னே காத்துக்கினு இருந்த மாதிரி, கேட்ட ஒடனே சொல்லுது.

ஏஞ்சல்: ...சரி. ஒரு டெஸ்ட்டு பண்ணலாம். ஆல்பர்ட், ரெண்டு நிமிஷம் உங்க சர்வர யாருக்கும் பதில் சொல்ல வேணாம்னு நிறுத்துங்க... ஆமா, நான் பொறுப்பு... ஆச்சா? சுகுமாரு, இப்போ நின்னுடும் பாரு... நின்னுச்சா?

சுகுமார்: இல்லக்கா.

ஏஞ்சல்: நல்லா பாரு.

சுகுமார்: பாத்துக்கினுதான் கீறேன். வந்துக்கினே கீது. பத்து, நாப்பது, ஒண்ணு, பதினேழு. பதில். பத்து, நாப்பது, ஒண்ணு, பதினேழு. பதில்.

ஆதிலட்சுமி: மாரியாத்தா...

ஏஞ்சல்: ஆல்பர்ட், போதும், திருப்பி ஆன் பண்ணிடுங்க. நான் அப்பால கூப்பிடறேன்... நைனா, இரு, போன்ல கீறேன். மாத்திரை மேசை மேல கீது பாரு.

சுகுமார்: அது இன்னாக்கா சத்தம், கடகடன்னு?

ஏஞ்சல்: நெல்லு அறுக்கற வண்டி. எங்க வூட்டுக்கு பின்னாடிதான் கழனி. காவாந்தண்டலத்துல இன்னும் ரெண்டு நாளைக்கு இதே சத்தம்தான். ஜன்னல சாத்திட்டேன். சொல்லு.

ஆதிலட்சுமி: தம்பி, காலையில வந்துச்சே ஒண்ணு. அதையும் சொல்லிடேன்.

ஏஞ்சல்: இன்னா வந்துச்சு? ஒண்ணுமே வரலன்னீங்க?

சுகுமார்: அது... நம்ம ஆளுங்க ரிசல்ட்டு இல்லக்கா. அதான் சொல்லல.

ஏஞ்சல்: எப்போ வந்துச்சு?

சுகுமார்: ஒம்பது நாப்பத்தொண்ணுக்கு. ஸ்கிரீனு செவப்பாயி, அலாரம் அடிச்சிக்கினு வந்துச்சு. ஏழாம் பெட்டுக்கு.

ஏஞ்சல்: ஏழாம் பெட்டுல இன்னிக்கு யாரு?

ஆதிலட்சுமி: யாரும் இல்ல ஏஞ்சலு. மார்ச்சு மாசத்துக்கு அப்பால அந்த பெட்டுல நான் யாரையும் படுக்க வைக்கறதில்ல. மிஷினு ரிப்பேருன்னு அட்டை எழுதி மாட்டி வச்சிக்கீறேன். மிஷினு நல்லாத்தான் ஓடும். எனக்குத்தான் கை வராது.

ஏஞ்சல்: யார் பேர்ல வந்துச்சு?

சுகுமார்: படிக்கவா? பிரிண்டு எடுத்து வச்சிக்கீறேன்.

ஏஞ்சல்: ...படி.

சுகுமார்: சொக்கம்மாள். வயசு அம்பத்திரண்டு. திருமுக்கூடல். பொட்டாசியம் ஏழு புள்ளி நாலு. அவசரம், ஒடனே கவனிக்கவும். பரிசோதனை முடிஞ்ச நேரம் பதினொண்ணு பத்து. அக்கா?

ஏஞ்சல்: ம்.

சுகுமார்: லைன்ல கீறீங்களா?

ஏஞ்சல்: கீறேன். மணி இன்னும் பதினொண்ணே ஆவல. பதினொண்ணு பத்துன்னு எப்டி...

ஆதிலட்சுமி: அதைத்தான் நானும் கேட்டேன். அந்தம்மா செத்து ஏழு மாசம் ஆவுது ஏஞ்சலு. இதே ரூம்ல, என் கையிலதான் போச்சு. மார்ச்சு பதினாலாம் தேதி, பதினொண்ணே முக்காலுக்கு. இன்னிக்கு காலையில அலாரம் அடிக்குதேன்னு ஓடி வந்து பாக்கறேன், அந்த பேரு. கையில இருந்த டிரேய கீழ போட்டுட்டேன்.

சுகுமார்: செத்தவங்களுக்கு எப்படிக்கா ரிசல்ட்டு வரும்?

ஏஞ்சல்: வராது. வரக்கூடாது... அந்த சர்வரு கிட்ட கடைசியா வந்த சாம்பிளு எதுன்னு கேளு. லிஸ்ட்ட தொற. கடைசி வரி.

சுகுமார்: தொறந்துட்டேன். கடைசி வரி... மார்ச்சு பதினாலு, பதினொண்ணு இருவத்தெட்டு.

ஏஞ்சல்: அதுக்கு கீழ?

சுகுமார்: ஒண்ணும் இல்ல. வெள்ளையா கீது.

ஆதிலட்சுமி: தள்ளு, நான் பாக்கறேன்... அன்னிக்கு ஷிஃப்ட்டு பேஷண்ட்டுங்க பேரு அப்டியே கீதும்மா. கோவிந்தம்மா, மோகன் வாத்தியாரு... இதுல மூணு பேரு இப்போ உசுரோட இல்ல. சொக்கம்மாவ தவிர எல்லாருக்கும் "ஆய்வில் உள்ளது"ன்னு போட்டுக்கீது.

சுகுமார்: அந்தப் பக்கம் இன்னும் மார்ச்சு பதினாலுதான் போலக்கா. அங்க எல்லாரும் வரிசையில காத்துக்கினு கீறாங்க.

ஏஞ்சல்: அப்டியெல்லாம் பேசாத சுகுமாரு.

சுகுமார்: வேற எப்டி பேசறது? நீங்கதான் சொல்லுங்களேன், எப்டின்னு.

ஏஞ்சல்: அது... பேய் பிசாசு இல்ல. லேப் நெட்வொர்க்குக்கு எப்பவோ ஒரு காப்பி எடுத்திருப்பாங்க. டெஸ்ட்டு பண்றதுக்கு. அதே சர்வரு, அதே பேரு, அதே நம்பரு. ஒரே கதவு நம்பர்ல ரெண்டு வூடு. நம்ம காம்பவுண்டுல இருந்து ரெண்டுத்துக்கும் கேட்டு கீது. எந்த கேட்டு வழியா போவணும்னு ரூட் டேபிள்ல ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கும். அந்த வரிய யாரோ மாத்திட்டாங்க. நீ தட்டறது பழைய வூட்டு கதவ.

ஆதிலட்சுமி: அந்த ரிசல்ட்டு மட்டும் ஏன் அலாரம் அடிச்சிக்கினு ஓடி வரணும்?

ஏஞ்சல்: அனுப்ப முடியாத ரிசல்ட்ட அந்த சர்வரு தூக்கிப் போடாது சிஸ்டர். வரிசையில வச்சிக்கினு அரை நிமிஷத்துக்கு ஒரு வாட்டி அனுப்பி பாக்கும். போவலன்னா மறுபடியும். வழி தொறக்கற வரைக்கும்.

சுகுமார்: ஏழு மாசமாவா?

ஏஞ்சல்: ...ஏழு மாசமா.

சுகுமார்: அரை நிமிஷத்துக்கு ஒரு வாட்டி.

ஏஞ்சல்: ஆமா.

சுகுமார்: காலையில வழி கெடைச்சதும் ஒரே நிமிஷத்துல வந்துடுச்சு.

ஏஞ்சல்: ஆமா சுகுமாரு.

ஆதிலட்சுமி: அப்போ அன்னிக்கு லேப்புல இருந்து ரிசல்ட்டு அனுப்பியிருக்காங்க. பதினொண்ணு பத்துக்கே அனுப்பியிருக்காங்க. இங்கதான் வந்து சேரல. சொல்லும்மா. நான் அந்த ஸ்கிரீன எட்டு வாட்டி பார்த்தேன். அந்தம்மா "மூச்சு ஒரு மாதிரி கீது சிஸ்டர்"னு சொல்லிக்கினே இருந்துச்சு. "ரிசல்ட்டு வந்துடட்டும்மா, ஒடனே மிஷின்ல போட்டுடறேன்"னு கைய புடிச்சிக்கினு உக்காந்திருந்தேன். ஒரு வாரம் கழிச்சு எனக்கு மெமோ வந்துச்சு. அவசர ரிசல்ட்ட கவனிக்கலன்னு. அந்தம்மா போற வரைக்கும் வரவே இல்லன்னு நான் தலையால அடிச்சிக்கினேன். நெட்வொர்க்குல அன்னிக்கு ஒரு கொறையும் இல்லன்னு ரிப்போர்ட்டு கீதுன்னாங்க.

ஏஞ்சல்: சிஸ்டர், மொதல்ல இந்த ரூட்ட யார் மாத்தினாங்கன்னு பாக்கலாம்...

சுகுமார்: பாருங்க.

ஏஞ்சல்: ஒம்பது நாப்பது. ஒரு வரி அழிச்சிருக்கு, ஒரு வரி போட்டிருக்கு. மாத்தினது...

சுகுமார்: யாருக்கா?

ஏஞ்சல்: என் பேரு போட்டுக்கீது.

ஆதிலட்சுமி: உன் பேரா?

ஏஞ்சல்: ஒம்பது நாப்பதுக்கு நான் லேப்டாப்பே தொறக்கல. நைனாவுக்கு கஞ்சி ஊத்திக் குடுத்துக்கினு இருந்தேன்.

சுகுமார்: அப்போ இன்னொரு ஏஞ்சலு கீறாங்க போல, அந்தப் பக்கத்துல.

ஏஞ்சல்: வெளையாடாத.

சுகுமார்: நான் வெளையாடலக்கா.

ஏஞ்சல்: ...சிஸ்டர், செங்கேணி பெரியவரு எங்க கீறாரு?

ஆதிலட்சுமி: இங்கதான்... வெளிய பெஞ்சுல...

ஏஞ்சல்: ஆல்பர்ட்டு சொல்லிட்டாரு சிஸ்டர். காலையில ஒம்பது மணிக்கு, சிஸ்டத்துல ஏத்தறதுக்கு முன்னாடியே, சுகுமாரு போன் போட்டு நாலு பேரு ரிசல்ட்டும் வாங்கிக்கினானாம். ஒண்ணொண்ணா எழுதி, திருப்பி படிச்சு காட்டி சரி பாத்தானாம். "இன்னிக்கு லைனு கொஞ்சம் மக்கர் பண்ணும்"னு முன்கூட்டியே சொன்னானாம். பெரியவரு மிஷின்ல கீறாரா?

ஆதிலட்சுமி: ஒம்பதரைக்கே போட்டுட்டேம்மா. நல்லா கீறாரு. தூங்கறாரு.

ஏஞ்சல்: அது போதும். பயந்துட்டேன்.

சுகுமார்: ஆல்பர்ட்டு சொன்னப்பவே தெரியுமா உங்களுக்கு?

ஏஞ்சல்: தெரியும்.

சுகுமார்: தெரிஞ்சிக்கினேவா பிங்கு போடு, நிறுத்து, லிஸ்ட்ட தொறன்னு...

ஏஞ்சல்: நீ தெரிஞ்சிக்கினேதான ஆஃப் பண்ணி ஆன் பண்ணின?

சுகுமார்: உங்க வாயால வரட்டும்னுதான். பொய் சொல்வீங்களா, மாட்டீங்களான்னு பாக்கணும்னு இருந்துச்சு. கேட்டுங்க லிஸ்ட்டுல ரெண்டாவதா ஒரு கேட்டு சும்மா கெடந்துச்சுக்கா. எங்கயும் சேராம. அதுக்கு பேரு "மார்ச் 14". அந்த தேதிய எங்க பார்த்தாலும் எனக்கு கண்ணு அங்கயே நின்னுடும். தொட்டு பாக்கலாம்னு ஒரு வாரமா கை துடிச்சிக்கினு இருந்துச்சு. அந்தப் பக்கம் இன்னா இருக்கும்னு தெரியாது எனக்கு. சத்தியமா தெரியாது. தொறந்தேன். எங்கம்மா பேரு வந்துச்சு. சொக்கம்மா எங்கம்மாக்கா. அன்னிக்கு காலையில நான்தான் பைக்ல கூட்டிக்கினு வந்து வுட்டேன். பாலாத்துக் கரையோரமா வர்றப்போ, "மெதுவா போடா, எனக்கு இன்னா அவசரம்"னுச்சு. சிஸ்டர் மேலதான் தப்புன்னு நெனச்சிக்கினு, கிட்ட இருந்து பாக்கணும்னுதான் இந்த வேலைக்கே வந்தேன். வந்து ரெண்டு மாசம் பார்த்தேன். இவங்க அப்டி பண்ற ஆளு இல்ல. அப்போ யாரு? அதான் தேடினேன்.

ஆதிலட்சுமி: என் கிட்ட இன்னிக்குத்தான் சொல்லுச்சும்மா, யாரு புள்ளைன்னு. அலாரம் அடிச்சதும் ரெண்டு பேரும் அந்த ஏழாம் பெட்டுலயே உக்காந்து அழுதோம். அப்பால உனக்கு போன் போடலாம்னு நான்தான் சொன்னேன்.

ஏஞ்சல்: மொதல்ல ரூட்ட திருப்பி விடு சுகுமாரு. பதினொண்ணரைக்கு அடுத்த ஷிஃப்ட்டு. அவங்க ரிசல்ட்டு வரணும்.

சுகுமார்: திருப்பினா அது போயிடுமா?

ஏஞ்சல்: போவாது. கேட்டுதான் மாறும். அந்தப் பக்கம் இருக்கறது அங்கயேதான் இருக்கும். நான் தொட மாட்டேன்.

சுகுமார்: ...திருப்பிட்டேன்.

ஆதிலட்சுமி: வருது. வருதும்மா. இன்னிக்கு தேதியில, பெரியவரு ரிசல்ட்டு. நாலும் வந்துடுச்சு.

ஏஞ்சல்: சிஸ்டர், அன்னிக்கு அந்த ரிப்போர்ட்டு எழுதினது நான். இன்னிக்கே திருத்தி, என் பேரு போட்டு, கையெழுத்து வச்சு அனுப்பறேன். உங்க மெமோவுக்கு அது பதிலா இருக்கும். எனக்கு வேலை போவும். போவட்டும்.

ஆதிலட்சுமி: நீயா... நீயா எழுதின?

ஏஞ்சல்: ரூட் டேபிள்ல பழைய வரியெல்லாம் சுத்தம் பண்ணிக்கினு இருந்தேன் சிஸ்டர். பதினொண்ணு அஞ்சுக்கு ஒரு வரிய அழிச்சேன். அது பழசில்ல. அதான் வழி. எது போச்சுன்னு எனக்கு புடிபடல. தேடறதுக்கு லேப் சர்வர பதினொண்ணு முப்பதுக்கு ஒரு காப்பி எடுத்து வச்சிக்கினேன். பதினொண்ணு அம்பதுக்கு வரிய திருப்பி போட்டேன். நாப்பத்தஞ்சு நிமிஷம். அதுக்குள்ள... எனக்கு மேல இருக்கற மேனேஜரு சொன்னாரு, ஒரு கொறையும் இல்லன்னு எழுதுன்னு. எழுதிட்டேன்.

சுகுமார்: நாப்பத்தஞ்சு நிமிஷம்.

ஏஞ்சல்: ஆமாப்பா.

சுகுமார்: அப்பால அந்த காப்பிய அழிச்சிருக்கலாமே? அழிச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே. எனக்கு உங்க பாஸ்வேர்டு குடுத்தீங்களே, உங்க நைனாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்கு போறேன், நீயே பாத்துக்கோன்னு... உள்ள இது கீதுன்னு ஞாபகம் இல்லையா உங்களுக்கு? மறந்துட்டீங்களா?

ஏஞ்சல்: மறக்கல சுகுமாரு. அழிக்க சொன்னாங்க, அழிச்சிட்டேன்னு சொல்லிட்டு வச்சிக்கினேன். தெனம் காலையில வேலைக்கு உக்காரறதுக்கு முன்னாடி அதைத்தான் தொறப்பேன். உங்கம்மா பேரு வரிசையில மொத ஆளா நிக்கும். அனுப்பிக்கினே இருக்கும். கொஞ்ச நேரம் பாத்துட்டு மூடிடுவேன். கருமாதி அன்னிக்கு திருமுக்கூடல் வரைக்கும் வந்தேன், உங்க தெரு முனையிலயே நின்னுட்டு திரும்பிட்டேன். அப்பால உன் அப்ளிகேஷன் வந்துச்சு. அம்மா பேரு எழுதி, பக்கத்துல "காலமானார்"னு போட்டிருந்த. உன்ன எடுக்க சொன்னதே நான்தான்பா. என் வாயால சொல்ல தைரியம் வரல. நீயா பாத்துட்டு வந்து கேப்பேன்னு நெனச்சேன்... அந்த பாஸ்வேர்டு குடுத்த அன்னிக்கு நைனா நல்லாத்தான் இருந்தாரு.